படிக்கட்டுல சொன்ன வார்த்தை

ஊரணிப் படிக்கட்டுல பச்சைத்தவளைங்க குடியிருந்தாங்க. எதிர்க்கரையில, கல்லுக் குவியலுக்கு அடியில கல்லுத்தவளைங்க குடியிருந்தாங்க. நடுவுல தண்ணி. தண்ணிக்கு ஓரவஞ்சனை கெடையாது. தவளைக்கு உண்டு.

பச்சைத்தவளைக்குத் தோலு எண்ணெ தேச்ச மாதிரி வழவழன்னு இருக்கும். கல்லுத்தவளைக்கு ஒடம்பு பூரா பருவு பருவா இருக்கும். அம்புட்டுதான் வித்தியாசம். மத்தபடி ரெண்டும் தின்னுறது ஒரே கொசுவைத்தான். ரெண்டுல எது கத்துனாலும் ஊருக்குத் தூக்கம் கெடையாது.

ஆனா படிக்கட்டுக்காரங்க எதிர்க்கரைக்காரங்களுக்கு ஒரு பேரு வெச்சிருந்தாங்க. சொறி!

ஒரு கல்லுத்தவளை படிப்பக்கம் கொசு புடிக்க வந்தாப் போதும். "ஏய், சொறி வருது! தள்ளிக்கங்க, ஒட்டிக்கும்!" படி பூரா காலி! மழைக்காலக் கச்சேரியிலயும் கல்லுத்தவளைங்க பாடலாம். ஆனா எதிர்க்கரையிலயே நின்னுக்கிட்டுப் பாடணும். பாட்டு ஒட்டாது, பாடுறவன் ஒட்டிக்குவானாம்! அறிவப் பாத்தீங்களா?

ஒரு கோடையில ஊரணி வத்திப் போச்சு. அடியில இருந்த சேறும் அப்பளமா வெடிச்சிருச்சு. படிக்கட்டுக்காரங்க எல்லாரும் தூரத்து வாய்க்காலுக்குக் கெளம்புனாங்க. பச்சமுத்துன்னு ஒரு பச்சைத்தவளை. வாயி பெருசு, கொரலு அதவிடப் பெருசு. கெளம்புற நேரம் பாத்து அவனுக்குக் காலு சுளுக்கிக்கிச்சு.

மேப்படித் தலைவரு பன்னீரு சொன்னாரு: "நீ இங்கனயே இரு மாப்ள! நாங்க போயி எடம் பாத்துட்டு உன்னத் தூக்க வாறோம்!"

போனாங்க. எடமும் பாத்தாங்க. தூக்கத்தான் வரல!

வெயிலு பச்சமுத்து முதுக வறுத்துச்சு. அப்ப ஒரு கை வந்து அவன் காலப் புடிச்சு கல்லுக்கடியில இழுத்துச்சு. கத்திப்புட்டான் பயந்தாங்கொள்ளி!

"கத்தாதடா! நான்தான், சடையன்!"

சடையன் ஒரு கல்லுத்தவளை. கல்லுக்குக் கீழ ஆழமா ஒரு ஈரக்குழி. அதுல கல்லுத்தவளைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் ஒட்டிப் படுத்திருந்தாங்க. சடையனோட அக்கா பேச்சி நகந்து எடம் விட்டா. "வா தம்பி, வயித்த ஈரத்துல வெச்சுப் படு."

குழிக்குள்ள ஒரே சிரிப்பு. ஒருத்தன் சொல்றான், "ஏ சொறி, காலை மடக்குடா!" இன்னொருத்தி சொல்றா, "நீ மூச்ச மெதுவா விடு சொறி, அனலடிக்குது!"

பச்சமுத்துக்குக் கண்ணு ரெண்டும் வெளிய வந்திருச்சு. தவளைக்கு ஏற்கனவே வெளியதான் இருக்கும், இது இன்னும் கொஞ்சம்!

"என்னக்கா இது? எங்க ஆளுங்க திட்டுற வார்த்தைய நீங்களே கொஞ்சிக்கிறீங்க!"

பேச்சி சொன்னா: "படியில சொல்றப்ப அது கல்லு. நாங்க அதை எடுத்துட்டு வந்து ஒரசி ஒரசி எங்களுக்கு மருந்தாக்கிக்கிட்டோம். எங்க குஞ்சுங்களுக்கு வாலு உதுந்து, காலு மொளச்சு, மொதப் பருவு எந்திரிக்கும் பாரு, அன்னிக்குச் சாயங்காலம் எல்லாரும் கூடுவோம். பெத்தவ அந்தப் பருவத் தொட்டு 'சொறி'ன்னு கூப்புடுவா. எல்லாரும் 'எங்க சொறி!'ன்னு சத்தம் போடுவோம். அதுவரைக்கும் அந்த வார்த்தைய குஞ்சு காதுல படவே விடமாட்டோம்."

"அது எதுக்கு?"

"என்னிக்கா இருந்தாலும் படியில போயி அதைக் கேக்கத்தான போகுது? கேக்குற மொதக் கொரலு ஆத்தா கொரலா இருக்கட்டும். அப்புறம் எவன் வீசுனாலும் உள்ள எறங்காது."

"நல்ல ஏற்பாடால்ல இருக்கு!"ன்னான் பச்சமுத்து. அதோட நிறுத்தியிருக்கலாம். வாயி பெருசுன்னு நான்தான் மொதல்லயே சொன்னேனே! சடையனைப் பாத்து, "சரி சொறி, கொஞ்சம் தள்ளிப் படு!"ன்னான்.

குழி அமைதியாயிருச்சு. சடையன் மட்டும் ஹிஹின்னு சிரிச்சான். விருந்தாளி மொகம் சுண்டிறக் கூடாதேன்னு சிரிச்ச சிரிப்பு அது. பச்சமுத்து அதை அனுமதின்னு எடுத்துக்கிட்டான்.

பேச்சி சிரிக்கல. "தம்பி, அது உனக்கு வேணாம்."

"ஏங்க்கா? நானும் உங்ககூடத்தான கெடக்குறேன்? ஒடம்பெல்லாம் சேறு! என்னையும் உங்களையும் பாத்தா வித்தியாசம் தெரியுதா?"

"இப்பத் தெரியல. மழை பெஞ்சா உன் சேறு கழுவிப் போயிரும்."

பேச்சிக்குத் தொட்டாச்சிணுங்கி கொணம்னு நெனச்சுக்கிட்டான் பச்சமுத்து.

மழை பெஞ்சுச்சு. ஊரணி நெறஞ்சுச்சு. சேறும் கழுவிப் போச்சு! வாய்க்காலுக்குப் போனவங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பி வந்தாங்க. பச்சமுத்து ஒரே தாவுல படிக்கட்டுக்குப் போயிட்டான். பழைய எடம், பழைய கூட்டம்.

பேச்சி முட்டையிட்டா. தண்ணி பூரா தலைப்பிரட்டை. அந்த வயசுல பச்சையும் இல்ல கல்லும் இல்ல, எல்லாமே கருப்பா வாலாட்டிக்கிட்டு ஒண்ணாத்தான் திரியும். பேச்சி குஞ்சுங்கள மீனு முழுங்குச்சு, கொக்கு கொத்துச்சு. கடைசியா மிஞ்சுனது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மயிலுன்னு பேரு வெச்சா. தவளைக்கு மயிலான்னு சிரிக்காதீங்க! உங்களுக்கு உங்க வீட்ல என்ன பேரு வெச்சிருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

மயிலுக்கு வாலு உதுந்துச்சு, காலு மொளச்சுச்சு. ஒரு நாள் காலையில முதுகுல குட்டியா ஒரு பருவு எந்திரிச்சுச்சு. பேச்சிக்குத் தலகாலு புரியல! சடையன் நீந்திப் போயி பச்சமுத்தக் கூப்புட்டான்.

"டேய், சாயங்காலம் மயிலுக்கு விசேஷம்! தாய்மாமன் நான். எம் பக்கத்துல நீ உக்காரணும். நீயும் அவளுக்கு மாமன்தாண்டா!"

"வராம இருப்பேனா மாப்ள!"

மதியம் பச்சமுத்து படியில உக்காந்திருந்தான். பன்னீரு ஆரம்பிச்சாரு. "என்னடா, கோடை பூரா சொறிக் கும்பல்ல கெடந்தியாமே? திரும்பு, முதுகப் பாப்போம், ஒட்டிக்கிச்சான்னு!" கூட்டமே கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு.

இப்ப பச்சமுத்து என்ன சொல்லியிருக்கணும்? 'நீங்க விட்டுட்டு ஓடுனப்ப அவங்கதாண்டா என்னைக் காப்பாத்துனாங்க'ன்னு சொல்லியிருக்கணும். ஆனா கூட்டம் சிரிக்குறப்ப, அந்தச் சிரிப்ப நம்ம பக்கம் திருப்பிக்கணும்னு ஒரு அரிப்பு வரும் பாருங்க. அது வந்திருச்சு அவனுக்கு.

"அட போங்கய்யா! அவங்களே அப்படித்தான் கூப்புட்டுக்குறாங்க! நானும் கூப்புடுவேன், கோவிச்சுக்க மாட்டாங்க! நான் அவங்க வீட்டு ஆளு!"

"புளுகாத!"

அந்த நேரம் பாத்தா மயிலு நீந்தி வருது. தலைப்பிரட்டையா இருந்தப்ப அதுகூட வாலாட்டித் திரிஞ்ச பச்சைக்குஞ்சு ஒண்ணு மொத மொத படியேறுது. அதைப் பாக்க ஆசையா வருது!

பச்சமுத்துக்கு பேச்சி சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஆனா, 'சாயங்காலம் சொல்லப் போறதுதான, அரை நாளு முன்னாடி சொன்னா என்ன கெட்டுப் போச்சு'ன்னு மனசுக்குள்ளயே நாயம் பேசிக்கிட்டான். தொண்டையப் பெருசாக்கி, பேச்சி கொஞ்சுற மாதிரியே கொஞ்சிக் கூப்புட்டான்.

"ஏ சொறி! மாமாகிட்ட வாடி தங்கம்!"

படிக்கட்டே அதிர்ந்துச்சு. அப்படி ஒரு சிரிப்பு!

மயிலு நின்னுச்சு. "சொறின்னா என்ன மாமா?"

பச்சமுத்து வாயத் தொறக்கறதுக்குள்ள பன்னீரு முந்திக்கிட்டாரு. "சொறின்னா நீதான்! உன் தோலப் பாரு, எங்க தோலப் பாரு! ஏய், தள்ளிக்கங்க, ஒட்டிக்கும்!"

சளக்கு புளக்குன்னு எல்லாரும் வெலகுனாங்க. மயிலோட சிநேகிதிக் குஞ்சு கொஞ்சம் நின்னு பாத்துச்சு. அப்புறம் அதுவும் வெலகிருச்சு.

மயிலு தன் கையப் பாத்துச்சு. காலப் பாத்துச்சு. திரும்பிப் போச்சு.

"நான் ஆசையாத்தான கூப்புட்டேன்!"ன்னு பச்சமுத்து முனகுனான். யாரு காதுலயும் விழல. அவனுக்கே பாதிதான் விழுந்துச்சு.

சாயங்காலம் கல்லுக் குவியல்ல எல்லாரும் கூடியாச்சு. சடையன் பச்சமுத்த இழுத்து முன்னாடி உக்கார வெச்சான். மயிலு கடைசியா வந்துச்சு. முதுகெல்லாம் தோலு வழண்டு ரத்தம் கசிஞ்சுக்கிட்டிருந்துச்சு. கல்லுல போட்டுத் தேச்சிருக்கு புள்ள! மொதப் பருவு இருந்த எடத்துல பருவு இல்ல, புண்ணுதான் இருந்துச்சு.

பேச்சிக்கு ஒண்ணும் புரியல. எங்கயோ விழுந்துட்டா போலன்னு நெனச்சா. புண்ணுக்குப் பக்கத்துல மெதுவாத் தொட்டு, இத்தனை குஞ்சையும் பறிகொடுத்த பாசத்தையெல்லாம் தொண்டையில வெச்சுக் கூப்புட்டா. "சொறி!"

மயிலு ரெண்டு கையாலயும் தலையப் பொத்திக்கிட்டு அப்படியே சுருண்டுக்கிச்சு. "நீயுமாம்மா?"

'எங்க சொறி'ன்னு சத்தம் போட வாயெடுத்தவங்க எல்லாரும் வாயெடுத்தபடியே நின்னாங்க.

"யாரு சொன்னா?" பேச்சி எல்லாரையும் சுத்திப் பாத்தா. "எனக்கு முன்னாடி இவகிட்ட யாரு சொன்னா?"

மயிலு சொல்லல. மாமன்னு கூப்புட்டாச்சே, காட்டிக் குடுக்க மனசு வரல அதுக்கு.

பேச்சி பச்சமுத்துப் பக்கம் திரும்புனா. "தம்பி, நீ படியிலதான இருந்த? எந்தப் பாவி சொன்னான்? பேரச் சொல்லு!"

ஊரணியிலயே பெரிய கொரலு அவனுது. அது வரல. தொண்டை உப்புது, எறங்குது. உப்புது, எறங்குது. பச்சைத்தவளை வெளுத்துப் போயி நான் கேள்விப்பட்டது அன்னிக்குத்தான்.

"நான்தாங்க்கா."

சொல்லிட்டு அவனே அவசர அவசரமாப் பேசுனான். "நீங்களும் சொல்றீங்களேன்னு... ஒரே குழியில கெடந்தோமேன்னு... பாசமாத்தாங்க்கா..."

"குழியில கெடந்த. இல்லேங்கல." பேச்சி கத்தல. கத்தாமச் சொன்னதுதான் அவனை அறுத்துச்சு. "வெளிய வந்ததும் எங்க போயி உக்காந்த? படியில. அந்த வார்த்தைய நீ சொன்னா உனக்குச் சிரிப்பு கெடைக்குது. அதை வெச்சு உன்னை எவனாவது படிய விட்டு எறக்குவானா? எங்கள எறக்குன வார்த்தை தம்பி அது. எறங்குனவங்க நாங்க எங்களுக்குள்ள அதைத் தடவிக்கிறோம். நீ எங்கருந்து எடுத்து யார் மேல வீசுன?"

சடையன் தலையக் குனிஞ்சான். "தப்பு எம்மேலயும் இருக்குக்கா. குழியில இவன் சொன்னப்ப எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனாச் சிரிச்சேன்."

பேச்சி மயில வாரி எடுத்து மடியில வெச்சு, புண்ணுல ஈரமண்ணு பூசுனா. அன்னிக்கு விசேஷம் நடக்கல. பச்சமுத்து எப்பக் கெளம்பிப் போனான்னு யாரும் பாக்கல. அவனும் யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் போனான்.

அதுக்கப்புறம் படியில எவனாவது அந்த வார்த்தையச் சொன்னா, "சொல்லாதடா"ம்பான். "என்னடா, நேத்து நீதான சொன்ன?"ன்னு பன்னீரு கேப்பாரு. பச்சமுத்து மூஞ்சியத் தண்ணிக்குள்ள விட்டுக்குவான். மழைக்காலக் கச்சேரியிலயும் அவன் கொரலு கேக்கல. அந்த வருசமே அடுத்த மழையும் வந்துச்சு. பேச்சி தடவித் தடவி மயிலு முதுகுப் புண்ணும் ஆறுச்சு, அந்த வார்த்தை போட்ட புண்ணும் ஆறுச்சு. பேச்சிக்கு ஒரு பய பொழச்சான். அந்த விசேஷத்துக்கு யாரும் பச்சமுத்தக் கூப்புடல.

மறுபடி கோடை வந்துச்சு. படிக்கட்டுக்காரங்க வாய்க்காலுக்கு ஓடுனாங்க. இந்தத் தடவை காலு நல்லா இருந்தும் பச்சமுத்து போகல. கல்லுக் குவியலுக்கு வெளிய வந்து உக்காந்துக்கிட்டான். கூப்புடவும் இல்ல, தட்டவும் இல்ல. முதுகு காஞ்சுச்சு.

உள்ளருந்து ஒரு கை வந்து காலப் புடிச்சு இழுத்துச்சு. பேச்சி கை!

குழியில எடம் விட்டாங்க. ஈரம் குடுத்தாங்க. ஆனா அவன் நொழஞ்சதும் பேச்சு நின்னு போச்சு. காலை மடக்குன்னு சொல்றவன் கூட பேரச் சொல்லித்தான் சொன்னான். ஒரு சிரிப்புச் சத்தம் இல்ல. தன்னாலதான் இந்தக் குழி ஊமையாக் கெடக்குதுன்னு பச்சமுத்துக்குப் புரிஞ்சுச்சு. ஊர்ந்து ஊர்ந்து வாசல் பக்கமா நகந்துக்கிட்டான். அங்க ஈரம் கம்மி. அனல் மூஞ்சியில அடிக்கும். பரவால்லன்னு படுத்துக்கிட்டான்.

கொஞ்ச நேரம் கழிச்சு, உள்ள ஆழத்துல, மயிலு கொரலு கேட்டுச்சு. தம்பிப் பயலத்தான் அதட்டுறா.

"ஏ சொறி! எம்மேல ஏறிப் படுக்காத!"

"நீ தள்ளிப் படு, பெரிய சொறி!"

பேச்சி சிரிக்குறது கேட்டுச்சு. அப்புறம் குழியே சிரிச்சுச்சு. பச்சமுத்துக்கும் சிரிப்பு வந்துச்சு. கூடவே அந்த வார்த்தையும் நுனி நாக்கு வரைக்கும் வந்துச்சு. வாய இறுக்க மூடிக்கிட்டு, மூஞ்சிய வெயிலுப் பக்கம் திருப்பிக்கிட்டான்.

அடிபட்டவங்க தங்களுக்குள்ள சொல்லிச் சிரிச்சுக்குற வார்த்தை அவங்க காயத்துக்கு அவங்களே போட்டுக்குற மருந்து, அந்த அடி படாதவன் அதை எம்புட்டுப் பாசமா எடுத்துச் சொன்னாலும் அது மறுபடியும் அடிதான்.