கடல் இருமிய காலை

அந்தக் காலத்தில் மட்டிகளுக்கு வாயை மூடவே தெரியாது. இதைக் கேட்டதும் சிரிக்கத் தயாராகிவிடாதீர்கள். இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல பெரிய சிரிப்பு. ஒரு பெரிய மனிதர் தலையில் தொப்பென்று விழப்போகிறது. ஆனால் அது கடைசியில்தான் வரும். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கடைசியில் மட்டியால்கூட முடிந்தது, உங்களால் முடியாதா?

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மூன்று சேற்றுத் திட்டுகள் இருந்தன. தண்ணீர் வடிந்து திட்டுகள் தலை தூக்கியதும், கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தி எழுமே, அப்படி ஒரு இரைச்சல் கிளம்பும்.

"யாரு என் தலைய மிதிச்சது?"

"உனக்குத் தலை எங்க இருக்கு, முதல்ல அதச் சொல்லு!"

"கொக்கு வருது, கொக்கு வருது!"

"நேத்தும் இதையேதான் சொன்ன. சும்மா கெட."

எல்லாம் மட்டிச் சிப்பிகள்தான். சேற்றுக்குள் புதைந்தபடி, ஓட்டை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, ஓயாமல் பேசும்.

கரையிலிருந்து பெண்கள் ஓலைக் கடகத்தோடு இறங்குவார்கள். கால் விரலால் சேற்றைத் துழாவி மட்டி எடுப்பார்கள். அவர்களில் நீலாயி என்று ஒருத்தி. இடுப்பில் எப்போதும் எட்டு மாதக் குழந்தை மயிலி இருப்பாள். மயிலியின் கையில் சங்கில் அறுத்த இரண்டு சின்ன வளையல்கள். நீலாயி இறங்கினாலே திட்டு கலகலக்கும்.

"நீலாயக்கா, இன்னிக்கு என்னை எடுத்துக்கோ," என்று ஒரு கிழட்டு மட்டி கூப்பிடும். "ஏழு மழை பாத்தாச்சு. பேரன் பேத்தியெல்லாம் அக்கரையில குடித்தனம் வச்சாச்சு. குழம்புல புளிய மட்டும் குறைச்சுப் போடு."

"உனக்கு எதுக்கு அந்தக் கவலை?"

"நாளைக்கு ஊரு என் பேரத்தானே சொல்லும்!"

சின்னது ஒன்று விரலில் தட்டுப்பட்டால், "நான் இன்னும் ஒரு முட்டைகூடப் போடலக்கா!" என்று அலறும். "சரி சரி, போ," என்று நீலாயி அதைக் கட்டைவிரலால் சேற்றில் அமுக்கிவிட்டு நகர்வாள். சட்டம் என்று ஒன்றும் கிடையாது. தேவைப்படவும் இல்லை. அவரவர் வயதை அவரவரே சொல்லிவிட்டால் அளந்து பார்ப்பானேன்?

அந்தக் கூட்டத்தில் துளி என்று ஒரு மட்டி. சுண்டுவிரல் நகம் அளவுதான். குரலோ, ஊரிலுள்ள குரலெல்லாம் அதனிடம் இருந்தது. கொக்கு தொண்டையைச் செருமுவது, வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு, மாமியார் முணுமுணுப்பு, எல்லாம் அச்சு அசலாக வரும். மயிலி அழுவதுபோல் அழுது நீலாயியை ஒரே நாளில் மூன்று தடவை கரைக்கு ஓடவிட்டிருக்கிறது. அத்தனைக்கும் மயிலி அவள் இடுப்பிலேயே இருந்தாள்! இடுப்பைப் பார்த்த பிறகுதான் நீலாயிக்கு விளங்கியது. "உன்னைக் குழம்புல போட மாட்டேன்டி. ரசத்துல போடுறேன்," என்றாள்.

சிரிக்காதீர்கள். நான் சொன்னது இது இல்லை.

இப்போது பெரிய மனிதர் வருகிறார். சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்த காளப்பன். நல்ல உடம்பு, நல்ல குரல். எதைச் சொல்லும் முன்னாலும், "க்ஹூம்... அதாவது பாருங்க..." என்று தொடங்குவார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட, "க்ஹூம்... அதாவது பாருங்க... சாப்பிட்டேன்."

அவருக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. அரண்மனைச் சுவர் முழுக்க வெள்ளை பூச நூறு வண்டிச் சுண்ணாம்பு வேண்டுமாம். மட்டி ஓட்டைக் காளவாயில் சுட்டால்தான் சுண்ணாம்பு. செத்துப்போன மட்டிகளின் பழைய ஓடு, காளவாய்ப் பக்கத்து ஓடையோரம் மலையாகப் புதைந்து கிடந்தது. ஆனால் அதைத் தோண்ட வேண்டும். உயிர் மட்டியைத் தோண்டித் தேட வேண்டியதில்லை. "இங்கதான் இருக்கேன்" என்று அதுவே கத்திக்கொண்டிருக்கிறதே!

நாற்பது ஆட்கள் திட்டில் இறங்கினார்கள். காதைச் சேற்றில் வைப்பதும் கூடையில் அள்ளுவதும்தான் வேலை. கிழடு, குஞ்சு என்று பார்க்கவில்லை. மட்டிகள் பயந்தன. பயந்தால் மட்டி என்ன செய்யும்? இன்னும் அதிகமாகப் பேசும். "அய்யோ வர்றான், வர்றான், கிட்ட வந்துட்டான்!" அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அவர்கள் வந்தார்கள்.

ஐந்தாம் நாள் நீலாயி வடக்குத் திட்டில் கால் வைத்தாள். சத்தமே இல்லை. குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் ஊறுகிற ஓசை மட்டும் கேட்டது. கிழக்குத் திட்டும் அப்படியே. நடுத்திட்டு ஒன்றுதான் மிச்சம். அதையும் அள்ளிவிட்டால் அந்தக் கழிமுகத்தில் விதைக்குக்கூட ஒரு மட்டி இருக்காது.

நேராகக் காளவாய்க்குப் போனாள். ஓடையில் கட்டிப் போட்டிருந்த கூடைகளுக்குள், சுடுவதற்குக் காத்திருந்த மட்டிகள் "நீலாயக்கா! நீலாயக்கா!" என்று கத்தின.

"மொதலாளி, பெருசுகள எடுங்க. குஞ்ச விட்டுருங்க. நடுத்திட்டத் தொடாதீங்க."

"க்ஹூம்... அதாவது பாரு நீலாயி, கடல் யாரு சொத்து? உன் அப்பன் சொத்தா, என் அப்பன் சொத்தா? நீ குழம்புக்கு எடுக்குற, நான் காளவாய்க்கு எடுக்குறேன். உனக்கு வாய் சின்னது, எனக்குக் காளவாய்."

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள்.

"அப்போ எடுக்குறதுக்கு ஒரு அளவு வேணாமா?"

"வேணும்னா கடல் வந்து சொல்லட்டும். உன்கிட்ட இல்ல, என்கிட்ட. வந்து, காளப்பா இவ்வளவுதான்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே விட்டுர்றேன். நாளை மறுநாள் விடியுறப்போ நடுத்திட்டுல இறங்குறேன். அதுக்குள்ள உன் கடலச் சொல்லச் சொல்லு."

நீலாயி நடுத்திட்டுக்கு வந்து உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். மட்டிகள் ஆளுக்கொரு யோசனையைக் கத்தின. பிறகு துளி கேட்டது: "அக்கா, கடல் பேசணும்னுதானே சொன்னாரு? உண்மையான கடல்தான் வரணும்னு சொன்னாரா?"

இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. துளி பிறந்தது முதல் கடலுக்குள்தான் கிடக்கிறது. அதன் உறுமல், இழுப்பு, மூச்சு எல்லாம் அதற்குப் பாடம். அது ஒரு வார்த்தை சொல்லும், திட்டில் உள்ள அத்தனை மட்டியும் அதே மூச்சில் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒரு மட்டி பேசினால் கொசு. இருபதாயிரம் மட்டி ஒரே குரலில் பேசினால்? முதல் தடவை பேசியபோது மயிலி வீறிட்டாள். நீலாயியே அவளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

விடியலில் பனி மூடியிருந்தது. நீலாயி கவிழ்த்துப் போட்ட ஓடத்துக்குப் பின்னால், தூங்குகிற குழந்தையை அணைத்துக்கொண்டு ஒளிந்திருந்தாள். காளப்பன் ஆட்களை ஓடைக்கரையில் நிறுத்திவிட்டு, எங்கே சத்தம் அதிகம் என்று பார்க்கத் தனியாகத் திட்டில் இறங்கினார். சத்தமே இல்லை. பத்தடி நடந்தார். நின்றார்.

காலுக்குக் கீழிருந்து, நாலு பக்கத்திலிருந்தும், அந்தக் குரல் எழுந்தது.

"காளப்பா..."

கூடை கையிலிருந்து நழுவியது. "யா... யாரு?"

"க்ஹூம்... அதாவது பாரு, நான்தான் கடல்."

ஓடத்துக்குப் பின்னால் நீலாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். துளிக்குப் பழக்க தோஷம்! காளப்பன் குரலைக் கேட்டதும் அவர் இருமல் தானாக வந்துவிட்டது. மற்றவையும் மறுவார்த்தை இல்லாமல் கூடவே இருமித் தொலைத்தன. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

காளப்பனோ இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு சேற்றில் மண்டியிட்டார். "தாயே! நீயும் நம்மள மாதிரியே பேசுறியே!"

பொறுங்கள், பொறுங்கள். இன்னும் இல்லை.

"குழம்புக்கு எடுக்குறவங்க வீட்டுக்கு ஒரு கடகம் எடுக்கட்டும்," என்றது கடல். "விக்கிறவங்க மேக்கு ஓரத்துல மட்டும், அமாவாசை பௌர்ணமிக்குத் தண்ணி வத்துறப்ப மட்டும் எடுக்கட்டும். மழை பெஞ்சு ஆத்துல செந்தண்ணி வந்தா எங்க முட்டை... என் பிள்ளைங்க முட்டையிடுற நேரம். அதுலேருந்து ரெண்டு அமாவாசை கழியுற வரைக்கும் ஒரு கால் இறங்கக் கூடாது. காளவாய்க்குச் செத்த ஓடு போதும்."

"சரி தாயே. பெருசு, சிறுசு எப்படித் தாயே பாக்குறது? எந்த அளவுக்குக் கீழ விடணும்?"

இதை யாரும் ஒத்திகையில் யோசிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மயிலி தூக்கத்தில் கையை உதறினாள். கிண் என்று ஒரு சத்தம்.

"என்ன தாயே அது?"

"அதுதான் அளவு!" என்றது துளி, இமைக்கிற நேரத்தில். "கைக்குழந்தை வளையல். அதுக்குள்ள நுழையுற மட்டி குழந்தை. நுழையாதது பெருசு. நீ கூடையில கட்டி வச்சிருக்கியே, அதையெல்லாம் ஒவ்வொண்ணா வளையல்ல போட்டுப் பாரு. நுழையுறத நீயே, உன் கையாலயே, மன்னிப்புக் கேட்டு வடக்குத் திட்டுலயும் கிழக்குத் திட்டுலயும் நடு."

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஒத்திகையில் அவ்வளவுதான். ஆனால் குரல் நிற்கவில்லை. கொஞ்சம் தணிந்து வந்தது.

"இன்னொண்ணு காளப்பா. மட்டிங்க பேச்சை இன்னியோட நான் வாங்கிக்கிட்டேன். இனிமே அதுங்க பேசாது. சத்தத்த வச்சு யாரும் அதுங்களத் தேட முடியாது."

நீலாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்று காளப்பன் போனால் நாளை இன்னொருவன் காதைச் சேற்றில் வைப்பான் என்பது துளிக்குப் புரிந்திருக்கிறது. ஊர்க் குரலையெல்லாம் வைத்திருந்த துளி, உலகத்திலேயே பேச்சை அதிகம் விரும்பிய துளி, அதைத்தான் கொடுத்தது. கூட இருந்த இருபதாயிரமும், ஒன்று பாக்கியில்லாமல், அந்த வார்த்தையைச் சேர்ந்து சொல்லி முடித்தன. பிறகு டப், டப், டப் என்று ஓடுகள் மூடிக்கொண்டன. அடைமழை தொடங்குவதுபோல் அந்தச் சத்தம் திட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடி, ஓடையில் கிடந்த கூடைகள்வரை போய் அடங்கியது.

காளப்பன் மூன்று நாள் அந்த வேலையைச் செய்தார். யானை மாதிரி மனிதர், கட்டைவிரலில் மயிலியின் ஒரு வளையலை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, முட்டியளவு சேற்றில் குனிந்து, "மன்னிச்சுக்கோ சாமி... நீயும் மன்னிச்சுக்கோ... உனக்குச் சொன்னேனா? சரி, எதுக்கும் இன்னொரு தரம் மன்னிச்சுக்கோ" என்று நட்டுக்கொண்டே போனார். ஊரே கரையில் நின்று பார்த்தது. மட்டிகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய் திறக்கவோ கூடாது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், ஓட்டின் இடுக்கு வழியே தண்ணீரைப் பீய்ச்சின. "ஆசீர்வாதம்!" என்று காளப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனிதரைக் குறை சொல்லக் கூடாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஓடையோரத்தைத் தோண்டிச் செத்த ஓட்டிலேயே நூறு வண்டியும் அனுப்பினார். அதோடு விடவில்லை. "கடல் யாருகிட்டப் பேசும்? கண்டவங்கிட்டயா?" என்று ஊர் ஊராகச் சொன்னார். வெளியூர் வியாபாரி ஒருவன் வாரி எடுக்கிற வலையோடு வந்தபோது, தனி ஆளாகத் திட்டின் குறுக்கே நின்று, "க்ஹூம்... அதாவது பாருங்க, இது என் காதால கேட்ட சட்டம்," என்று திருப்பி அனுப்பினார். செந்தண்ணீர் வந்தது. முதல் ஆளாகக் கூடையைக் கவிழ்த்து வைத்தவரும் அவர்தான். இரண்டு அமாவாசைக்குள் வடக்கிலும் கிழக்கிலும் காலை எங்கே வைத்தாலும் விரலில் குஞ்சு மட்டி இடறியது.

மறு வருஷம், திட்டு மீண்டும் திறக்கிற நாள். பெண்கள் ஆளுக்கொரு சின்ன வளையலோடு கரையில் காத்திருந்தார்கள். இறங்கலாம் என்று சொல்கிற உரிமை காளப்பனுடையது. அவர் முன்னால் வந்து நின்று கையை உயர்த்தினார்.

"க்ஹூம்... அதாவது பாருங்க..."

"க்ஹூம்! அதாவது பாருங்க!" என்றாள் மயிலி. இப்போது அவள் நடக்கிறாள், பேசுகிறாள், கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்கிறாள். கையை வேறு அவர் மாதிரியே உயர்த்தினாள். வளையல் கிண் என்றது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதே கணம் மூன்று திட்டுகளிலும், ஆயிரம் ஆயிரமாய், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு எழுந்தது.

காளப்பன் சிரிக்கவில்லை. உயர்த்திய கை அப்படியே நின்றது. அந்த இருமல். அந்த அதாவது. அந்தக் கிண். முகத்தில் பட்ட தண்ணீர் வழிய, மெல்லத் திரும்பித் திட்டைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த ஓடத்தைப் பார்த்தார். மயிலியைப் பார்த்தார். கடைசியாக நீலாயியைப் பார்த்தார். அவள் வானத்தில் கொக்கு தேடிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பா..." என்று வாயைத் திறந்தார்.

பின்னால் ஊரே காத்திருந்தது. மூன்று நாள் மன்னிப்புக் கேட்டு மட்டி நட்ட கை அவருடையது. கடல் என்னிடம்தான் பேசியது என்று ஏழு ஊரில் சொன்ன வாயும் அவருடையது. எதிரே, காலுக்குக் கீழே, கடல் கொள்ளாத மட்டி.

திறந்த வாயை, மட்டி ஓட்டை மூடுவதுபோல், டப்பென்று மூடிக்கொண்டார். கையை இறக்கினார். பெண்கள் இறங்கினார்கள்.

கடல் பேசிய அந்த விடியல் முதல்தான், தான் இன்னும் சின்னது என்று சொல்ல வாயில்லாத மட்டிக்காகக் குழந்தையின் வளையல் பேசுகிறது. நாம் குனிந்து வளையலில் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்க முடியாமல் மட்டி நம் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சுகிறது.