தட்டேந்திய நடை

கோவில்பட்டியில் முதலாளி தனுஷ்கோடியின் கடைக்கு வாட்ச் கட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பொன்னுத்தாய்தான் பின்கட்டிலிருந்து டீ கொண்டுவந்து கொடுப்பாள். அந்த வேலையின் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஒருநாள் காலையில் முதலாளி அவள் கையில் ஒரு ஸ்மார்ட்வாட்சைக் கட்டிவிட்டார்.

"நீ நடக்கிறதை இது எண்ணிரும். சாயங்காலம் ஐயாயிரம் அடி காட்டலைன்னா நாளைக்கு வராதே."

அன்று முழுக்கக் கால் கடுக்க நடந்தாள். வாட்ச் முந்நூறுதான் காட்டியது.

வாட்ச் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சரிடம் முதலாளி சொன்னார்: "பாத்தீங்களா? நாள் பூரா உக்காந்தே இருந்திருக்கா. மனுஷங்கதான் பொய் சொல்லுவாங்க, வாட்ச் சொல்லாது."

பொன்னுத்தாய் அதைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"நீங்க இதைக் கட்டிக்கிட்டு டீச்சருக்கு ஒரு டீ கொண்டாங்க முதலாளி. எனக்குச் சொன்ன மாதிரி, ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

"இதென்ன பெரிய வேலையா?" என்று அவர் பின்கட்டுக்குப் போனார். இரண்டு கையாலும் தட்டை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

டீச்சர் அவர் மணிக்கட்டைப் பார்த்தார். முந்நூறுக்குமேல், போகும்போது கூடிய பத்துப் பன்னிரண்டு அடியோடு எண் நின்றிருந்தது.

"வரும்போது தட்டைப் பிடிச்ச கை ஆடலை, அதனால நீங்க நடக்கவே இல்லைன்னு வாட்ச் சொல்லுது முதலாளி," என்றாள் பொன்னுத்தாய். "அப்போ இந்த டீயைக் கொண்டுவந்தது யாரு?"

டீச்சர் தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு நேரத்தோட வந்துரு," என்றார் முதலாளி, தட்டைப் பார்த்தபடி.