கீரியின் கணினியும் ஆற்றங்கரைச் சங்கும்

ஒரு காட்டில் பழைய கணினி ஒன்று இருந்தது. அதை ஆற்றங்கரைக் குகையில் வைத்திருந்தார்கள். மலையில் மழை கொட்டி ஆறு பெருகினால், ஆற்றின் மேல்பகுதியில் கட்டிய மிதவை கம்பி வழியே செய்தி அனுப்பும். உடனே கணினி சங்கை ஊதும். ஆற்றின் நடுவே மணல்திட்டில் வாழ்ந்த முயல்கள் அதைக் கேட்டதும் கற்களைத் தாண்டிக் கரையேறிவிடும்.

கணினியைப் பார்த்துக்கொண்டது ஒரு கீரி. அதற்கு எதிலும் மனம் நிலைக்காது.

கணினியை நடத்தும் இயங்குதளத்தை நீர்நாய்கள் எழுதிப் பொதுவில் வைத்திருந்தன. "யாரும் எடுக்கலாம். உள்ளே திறந்து பார்க்கலாம். மாற்றி எழுதிப் பிறருக்கும் தரலாம். விலை கிடையாது" என்று அறிவித்திருந்தன. அதனால் காட்டில் பல பதிப்புகள் முளைத்தன. மயிலின் பதிப்பில் திரையெங்கும் வண்ணம். குரங்கின் பதிப்பில் வாரம் தவறாமல் புதுமை. ஆமையின் பதிப்போ சாம்பல் நிறம், ஆண்டுக்கணக்கில் மாறாது.

கீரி ஒரு வாரம் மயிலுடையதைப் போடும். மறுவாரம் அதை அழித்துக் குரங்குடையதைப் போடும்.

திட்டில் நான்கு குட்டிகளோடு வாழ்ந்த தாய்முயல் ஒருநாள் குகைக்கு வந்தது.

"கீரி அண்ணே, இதில் சங்கு ஊதுமா?"

"ஊதாமல் என்ன, தங்கச்சி? திரையைப் பார், மீன்கள் எப்படி நீந்துகின்றன!"

"நீந்தட்டும். ஊதிக் காட்டுங்கள்."

"நாளைக்குப் பார்க்கலாம். மீனுக்கு நிறம் மாற்றவே நேரம் போதவில்லை."

முயல் விடவில்லை. ஒவ்வொரு பதிப்பையும் ஒரு பென் டிரைவில் வாங்கி வந்தது. அதைச் செருகினால், கணினியில் இருப்பதை அழிக்காமலே புதியதை ஓட்டிப் பார்க்கலாம்.

மயிலுடையதைச் செருகியதும் பழைய கணினி மூச்சு வாங்கியது. சங்கு ஊதுவதற்குள் முயல் ஒரு தூக்கம் போட்டு எழுந்தது. குரங்குடையதற்குச் சங்கு இருப்பதே தெரியவில்லை.

"அடுத்த வாரம் சரியாகிவிடும்" என்றது குரங்கு.

"போன வாரமும் இதைத்தானே சொன்னாய்?"

கடைசியாக ஆமையுடையதைச் செருகியது. "பூம்ம்ம்!" என்று சங்கு ஊதியது. வெள்ளம் என்று நினைத்துக் குட்டிகள் நான்கும் கரைக்கு ஓடி வந்துவிட்டன!

"அண்ணே, இதையே போட்டுவிடுங்கள்."

"இந்த அடுப்புச் சாம்பலையா? சும்மா இரு தங்கச்சி. கரடி புதிதாக ஒன்று செய்கிறது. நாளை வந்துவிடும்."

முயல் ஆமையின் பென் டிரைவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரும்பியது.

மறுநாள் தாய்முயல் மற்ற முயல்களோடு கரையில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று ஆற்று நீர் செந்நிறமானது. நுரையும் சருகும் மிதந்து வந்தன. சங்கு மட்டும் ஊதவில்லை. குட்டிகள் திட்டில் தூங்கிக்கொண்டிருந்தன.

தாய்முயல் குகைக்கு ஓடியது. திரையில், "நிறுவப்படுகிறது: நூற்றுக்கு முப்பத்தேழு" என்றிருந்தது.

"கரடியின் பதிப்பு!" என்றது கீரி. "கொஞ்சம் பொறு."

"அண்ணே, வெள்ளம்! என் குட்டிகள் திட்டில் இருக்கின்றன!"

கீரி வெளியே எட்டிப் பார்த்தது. "ஐயோ, பாதியில் நிறுத்தினால் எல்லாம் கெட்டுப்போகுமே!"

"கெடட்டும்!"

முயல் சுவிட்சை அணைத்தது. பென் டிரைவைச் செருகி மீண்டும் போட்டது. திரை சாம்பல் நிறமானது. ஒரு வரி வந்தது. இன்னொரு வரி வந்தது. வெளியே முதல் கல்லின் மேல் தண்ணீர் ஏறியது.

"பூம்ம்ம்!"

குட்டிகள் துள்ளி எழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று கரையேறின. நான்காவது குட்டி தாவியதும் அதன் பின்னால் கல் மறைந்தது. குட்டியின் வால் மட்டும் நனைந்திருந்தது.

கீரி பாதியில் நின்ற கரடியின் பதிப்பை அழித்தது. பிறகு மெல்லச் சொன்னது: "தங்கச்சி, அந்த ஆமையுடையதையே போட்டுவிடுகிறேன்."

"போடுங்கள் அண்ணே. போட்டபின் ஒருமுறை ஊதிக் காட்டுங்கள். கேட்டுவிட்டுத்தான் போவேன்" என்று சொல்லி, முயல் ஈரக் குட்டியை அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தது.

நீதி: பல பொருள்கள் விலையின்றிக் கிடைக்கும்போது, நமக்கு வேண்டிய வேலையைச் செய்து காட்டுவதையே தேர்ந்தெடுத்து, அதில் நிலைத்திருக்க வேண்டும்.