ஒரே கம்பியில் இரண்டு திருமதி க்ளைன்

வயிறு குலுங்கச் சிரிக்க இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் இப்போதே கிடைக்காது. ரொட்டி, பால், முட்டை, காப்பி என்று நான்கு சாமான்களின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் சிரிக்க வேண்டும். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். இரண்டாம் உலகப்போர் முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு தெருவில் நான்கு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பி. நீளமாக இரண்டு முறை மணி அடித்தால் அழைப்பு திருமதி க்ளைனுக்கு. குட்டையாக ஒரு முறை அடித்தால் ஜெரி வீட்டுக்கு. யாருக்கு அடித்தாலும் நான்கு வீட்டிலும் கேட்கும், நான்கு வீட்டிலும் எடுப்பார்கள். ஒட்டுக்கேட்பது தப்புதான். எல்லாரும் செய்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஜெரிக்குப் பதினைந்து வயது. காதில் விழுந்த குரல் எதுவானாலும் அவள் வாயில் அப்படியே வந்துவிடும். பாதிரியாரின் தும்மல், பள்ளித் தலைமையாசிரியையின் பெருமூச்சு, எதையும் விட்டுவைக்கவில்லை. திருமதி க்ளைனின் குரலோ மனப்பாடம். திங்கட்கிழமை காலைகளில் அந்த அம்மாள் தன் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து விலைவாசியைச் சொல்லி ஒப்பாரி வைப்பார். "ரொட்டி பதினாலு சென்ட்! பால் இருபது! ஒரு டஜன் முட்டை எழுபதாம், அந்தக் கோழிக்கென்ன பவுன் மூக்கா? காப்பி ஐம்பத்தைந்து!" ஜெரி அதை மூச்சோடு மூச்சாகச் சொல்லிக் காட்டுவாள்.

வியாழக்கிழமை மாலைகளில் வானொலியில் 'மணி அடித்தால் பரிசு'. அறிவிப்பாளர் லாரிமர் ஏதாவது ஒரு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கும் உள்ளூர்க் கடையில் அன்றைக்கு ரொட்டி, பால், முட்டை, காப்பி நான்கும் சேர்ந்து என்ன விலை என்று கேட்பார். சரியாகச் சொன்னால் புத்தம் புது மின்சாரக் குளிர்ப்பெட்டி. கண்டாமணி ஒலிக்கும் முன் கடைசியாகச் சொன்ன விலைதான் செல்லும்.

லாரிமர் குரலில் ஜெரி மூன்று முறை திருமதி க்ளைனை ஏமாற்றியிருந்தாள். மூன்றாம் முறை, "முட்டை புதியதுதானா என்று கோழிமாதிரிக் கொக்கரித்துக் காட்டுங்கள், அம்மணி" என்றாள். பாவம், அவர் கொக்கரித்தார். மற்ற இரண்டு வீட்டாரும் கம்பியிலேயே சிரித்துவிட, ஜெரியின் குட்டு உடைந்தது. அன்றிலிருந்து அவர் வியாழக்கிழமைகளில் வானொலியைத் திறப்பதே இல்லை.

அடுத்த வாரம் ஒட்டுக்கேட்ட ஒரு பேச்சு ஜெரியின் சிரிப்பை நிறுத்தியது. வீடு வீடாகப் பனிக்கட்டி போடும் ஐஸ்காரர் திருமதி க்ளைனிடம் பேசினார்.

"இந்த மாதத்தோடு உங்கள் தெருவுக்கு வண்டி நிற்கிறது, அம்மா. மற்றவர்கள் எல்லாம் குளிர்ப்பெட்டி வாங்கிவிட்டார்கள், உங்கள் ஒரு வீட்டுக்காக எப்படி வருவேன்?"

"என் வீட்டுக்காரருடைய இன்சுலின் மருந்தை நான் எங்கே வைப்பேன்? குளிர்ப்பெட்டி இருநூறு டாலர். அவர் பஸ் ஓட்டி வாரத்துக்கு ஐம்பதுதான் கொண்டுவருகிறார்."

அந்த வாரம் வியாழக்கிழமை. மதியம் திருமதி க்ளைன் கடையிலிருந்து திரும்புவதை ஜெரி ஜன்னல் வழியே பார்த்தாள். கூடையில் ரொட்டி, பால், முட்டை இருந்தன. காப்பி இல்லை. முகம் மட்டும் தக்காளியாய்ச் சிவந்திருந்தது. வந்தவர் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

மாலை ஜெரி வீட்டு வானொலியில் லாரிமர் தொலைபேசி எடுத்தார். அதே நொடி சுவரில் இருந்த தொலைபேசியில் நீளமாக இரண்டு மணி. ஜெரி பாய்ந்து எடுத்தாள்.

"திருமதி க்ளைன்! 'மணி அடித்தால் பரிசு' லாரிமர் பேசுகிறேன்!"

"பேசுவடி, வாலு! இன்றைக்கு என்ன, மாடு மாதிரிக் கத்தணுமா? உங்கம்மா வரட்டும், உன் காதைத் திருகிக் கையில் கொடுக்கிறேன்!"

"அம்மணி, ஊரே கேட்கிறது. நான்கு சாமான்கள், மொத்த விலை? இன்னும் பத்து நொடி..."

"அச்சு அசல் அந்த ஆள் மாதிரியே இழுக்கிறாளே, கழுதை!"

ஐந்து நொடி. ஜெரி தொலைபேசியை வாயருகே இழுத்தாள். 'இது நிஜம்!' என்று கத்தினால் அவர் நம்புவாரா? இந்த வாயைத்தான் மூன்று முறை நம்பிவிட்டாரே. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. திருமதி க்ளைனின் குரலில் சொன்னாள்:

"ஒரு டாலர் ஐம்பத்தொன்பது! அந்தக் கோழிக்கென்ன பவுன் மூக்கா?"

அவள் முடிக்கும் முன்பே லாரிமர் கடகடவென்று சிரித்தார். "பதில் வந்துவிட்டது! அதுதான் உங்கள் பதிலா, அம்மணி? கண்டாமணிக்கு மூன்றே நொடி!"

திருமதி க்ளைன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். தன் குரல் தன் காதுக்குள் பேசுகிறது! அது பேசி முடிக்கும் முன்பே அந்த ஆள் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டான். எவ்வளவு பெரிய வாலாக இருந்தாலும் ஒரே தொண்டையில் இரண்டு பேர் ஒன்றாகப் பேச முடியுமா? என் குரலில் பேசியது ஜெரி. அப்படியானால் சிரிக்கிற ஆள்...

ஐயோ.

(இப்போது சிரிக்கலாம். சீக்கிரம், மூன்று நொடிதான்.)

'ஆமாம்' என்றால், இன்னொருத்தி சொன்ன பதிலுக்குப் பரிசு வாங்கியதாகும். 'இல்லை' என்று சொல்லி நிறுத்தினால், மருந்து வைக்க இடமில்லை. பொய்யும் சொல்லாமல், பெட்டியையும் இழக்காமல் திருமதி க்ளைன் என்ன சொல்லியிருப்பார்? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: "அது என் பதிலே இல்லை!" என்று அலறினார் அவர். "அது பக்கத்து வீட்டுக் குரங்கு! அவள் சொன்னது திங்கட்கிழமை விலை. காப்பியை இன்றைக்கு அறுபத்திரண்டு ஆக்கிவிட்டான் உங்கள் கடைக்காரன். வாங்காமலே திரும்பி வந்தேன். ஒரு டாலர் அறுபத்தாறு!" கண்டாமணி ஒலித்தது. அதுதான் சரியான விலை. ஜெரியின் பதிலுக்கு மணி அடித்திருந்தால் பெட்டி யாருக்குமே கிடைத்திருக்காது. லாரிமர் குழம்பிப்போய், "உங்கள் வீட்டில் எத்தனை பேர், அம்மணி?" என்று கேட்டார். "வீட்டில் இரண்டே பேர், ஐயா. கூட்டமெல்லாம் கம்பியில்தான்" என்றார் திருமதி க்ளைன். "ஏய் ஜெரி, பெட்டி வந்ததும் தூக்கி வைக்க ஆள் வேண்டும். உன் சொந்தக் குரலோடு வந்து சேர்."