சிவப்புப் புள்ளி

ரத்தினபாய் சிஸ்டருக்கு அன்று ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

நாகர்கோவிலில் பஞ்சு மெத்தைக் கடைக்கு மேலே பெனிலா டீச்சரின் கிட்டார் வகுப்பு. ஒரே ஒரு அறை. சத்தம் வெளியே போகாமலிருக்க, கடையில் விலைபோகாமல் கிடந்த மெத்தைகளை வாங்கிச் சுவரோரம் நிறுத்தியிருந்தாள். அந்த மெத்தைகளுக்கு நடுவே சிஸ்டர் எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், இரைச்சல் என்று ஃபேனை அணைத்தாள், வேர்த்துக் கொட்டுகிறது என்று மறுபடி போட்டாள். பார்ப்பவர்களுக்கே தலை சுற்றும்.

டீச்சருக்கு இருபத்தாறு வயது. அவளிடம் படிக்க வரும் சிஸ்டருக்கு, நர்ஸ் வேலையிலிருந்து அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தையின் கையில் நரம்பு கிடைக்கவில்லையென்றால் டாக்டர்களே, "ரத்தினபாய் சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்பார்கள். அப்பேர்ப்பட்ட கை! செல்போனில் பதிவுப் பொத்தானைத் தட்டி, அந்தச் சிவப்புப் புள்ளி எரிந்ததோ இல்லையோ, வெடவெடவென்று ஆடத் தொடங்கிவிடும்.

போன் இல்லாமல் வாசித்தால் நன்றாகத்தான் வந்தது. போனை வைத்தால் ஒரு தந்தி கரகரக்கும். உடனே "சே!" என்று நிறுத்துவாள். அழிப்பாள். முதலிலிருந்து ஆரம்பிப்பாள். காலையிலிருந்து இதே பிழைப்பு. பாட்டின் இரண்டாவது அடியைத் தாண்டி ஒரு பதிவும் போகவில்லை.

வேறு நாளாயிருந்தால், எனக்கு இதெல்லாம் சரிப்படாது என்று கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியிருப்பாள். அன்று அது முடியாது. குவைத்தில் நர்ஸாயிருக்கும் தோழி லிஸிக்கு மறுநாள் காலை இருதய ஆபரேஷன். நர்சிங் படித்த காலத்தில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே தட்டு. எத்தனையோ நோயாளிகளை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் லிஸி. இப்போது அவள் கையைப் பிடிக்க அங்கே சொந்த ஆள் யாருமில்லை.

"ஹாஸ்டல் வார்டனைக் கேலி பண்ணி நாம ஒரு பாட்டு கட்டினோம்லா, அதை வாசிச்சு அனுப்புடீ. கேட்டுட்டு உள்ள போறேன்" என்று கேட்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் சிஸ்டர்.

"கேளுங்க."

"இந்தப் பயம் எப்போ போகும்?"

பெனிலா தன் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றினாள்.

"உங்களுக்குக் கால்ல நாடி பாக்கத் தெரியுமா?"

"நல்லா கேட்டீங்க! இத்தனை வருஷமா நான் வேற என்ன செய்யுறேன்?"

"அப்போ பாருங்க."

சிஸ்டருக்குச் சுள்ளென்று வந்தது. நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இந்தப் பிள்ளைக்கு விளையாட்டு கேட்கிறது. இருந்தாலும் டீச்சர் டீச்சர்தானே. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெனிலாவின் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தாள். நாடி நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

"குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. நல்ல நாடி."

"விரலை எடுத்துராதீங்க."

பெனிலா தன் போனை எதிரே நிறுத்திப் பதிவைத் தட்டினாள். சிவப்புப் புள்ளி எரிந்தது.

ஐயோ, அந்த நாடி! புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி எகிறிக்கொண்டு ஓடியது. சிஸ்டர் பதறிப்போய் நிமிர்ந்து பார்த்தாள். மேலே பாட்டு ஒரு பிசிறு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பெனிலாவின் விரல்கள் அவசரமே இல்லாமல் தந்தி மாறித் தந்தி நடந்தன. சிஸ்டர் கீழே பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நம்பவே முடியவில்லை.

பாட்டு முடிந்தது.

"டீச்சர், பிரஷர் பாத்திருக்கீங்களா? இந்த வயசுல இந்த அடி அடிக்கலாமா? நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஈசிஜி எடுத்துருவோம்."

"எடுத்தாச்சு சிஸ்டர். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க."

"இது யாருக்கு அனுப்ப?"

"யாருக்கும் இல்ல." பெனிலா பதிவை அழித்துவிட்டாள்.

"யாருக்கும் இல்லாததுக்கா இந்த ஓட்டம்?"

"அந்தப் புள்ளி எரிஞ்சா ஓடும். வாசிக்க ஆரம்பிச்ச நாள்லயிருந்து ஓடுது."

"பின்னே எப்படித்தான் வாசிக்கீங்க?"

"அது ஓடிட்டுக் கெடக்கும். நான் வாசிச்சிட்டுக் கெடப்பேன்."

சிஸ்டர் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பெனிலா சிஸ்டரின் போனை வாங்கி, அவள் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

"இனி நிறுத்துறது என் வேலை. உங்களுக்கு வாசிக்கிறது மட்டுந்தான்."

புள்ளி எரிந்தது. சிஸ்டரின் நெஞ்சு கிட்டாரின் முதுகில் இடித்தது. கை ஆடியது. கீழே ரோட்டில் எவனோ ஹாரனை விடாமல் அமுக்கினான். இரண்டாவது அடியில் எப்போதும்போல் தந்தி கரகரத்தது. "சே" தொண்டைவரை வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டு அடுத்த அடிக்குப் போனாள். காலையிலிருந்து ஒரு தடவைகூடப் பதிவில் ஏறாத மூன்றாவது அடி அது. வார்டனின் குறட்டையைப் பாடும் இடம். அங்கே வந்ததும் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள், அழுகையும் கூடவே வந்தது. நடுங்கிக்கொண்டே கடைசிவரை வாசித்து முடித்தாள்.

பெனிலா பதிவை நிறுத்திப் போனைச் சிஸ்டரிடம் கொடுத்தாள். இருவரும் கேட்டார்கள்.

கேட்கக் கேட்க சிஸ்டரின் முகம் விழுந்துபோயிற்று. அவள் கை மறுபடி அழிக்கும் பொத்தானுக்குப் போனது. அதற்குள் லிஸியிடமிருந்து ஒரு வரி வந்தது: "எங்கடீ பாட்டு? எனக்குப் பயமா இருக்கு."

சிஸ்டர் அதைப் படித்துவிட்டு டீச்சரைப் பார்த்தாள்.

"கை நடுங்குறது அப்படியே கேக்குதே டீச்சர். அவளே பயந்து போய்க் கெடக்கா. பயந்தவ வாசிச்சதைப் போய் அவளுக்கு அனுப்பவா?"

"பயமே இல்லாதவ வாசிச்சதைக் கேட்டு அவங்க என்ன செய்யப் போறாங்க சிஸ்டர்?"