சோலையப்பனின் மடிப்பிச்சை

"பிச்சையெடுக்க எனக்கு வராது சாமி," என்றார் சோலையப்பன்.

தேவகோட்டையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம், நத்தம் எல்லையில் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. எல்லார் உடுப்பும் பச்சை. எல்லார் காலிலும் கொப்புளம்.

கூட்டத்துக்குக் குருசாமி ஒரு பெண். பேர் நாச்சம்மை. ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார். சோலையப்பனைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் மாலை போட்டபின் அவர் வைத்ததுதான் சட்டம்.

"கோடீஸ்வரனா இருந்தாலும் மடிப்பிச்சை எடுக்காம மலையேற விடமாட்டேன்," என்றார் குருசாமி.

"மதுரைக்கு வைத்தியத்துக்கு வர்ற புற்றுநோய்க்காரவுக தங்க ஒரு இடம் கட்டணும். அதுக்குத்தானே இந்த வருஷம் நம்ம நடையே? பணம் குடுக்க நான் போன்லயே ஆள் பிடிச்சுட்டேன். நான் பழனி வரைக்கும் ஒரு அடி விடாம நடந்தா தர்றோம்னு வாக்குக் குடுத்திருக்காக. வீடு வீடா கையேந்தி என்ன ஆகப்போகுது?" என்றார் சோலையப்பன்.

குருசாமி ஒரு துண்டை நீட்டினார். அவ்வளவுதான் பதில்.

சோலையப்பன் பாத்திரக்கடை முதலாளி. கொடுத்துச் சிவந்த கை என்று அவருக்கே ஒரு நினைப்பு. துண்டை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி எழுந்தார்.

அவர் வாயைத் திறக்காத விஷயம் ஒன்று இருந்தது. மனைவி உமையாளுக்கும் அதே நோய். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. நோய் பரவியிருக்கிறதா இல்லையா என்று நாளைக் காலை மதுரையில் டாக்டர் சொல்லப்போகிறார். நாளைக்குத்தான் என்று கிளம்பும்போதே இவருக்குத் தெரியும்.

யாத்திரைக்குப் போகிறவர் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கம் அவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. உமையாள் கண் விழிக்குமுன் வாசலைத் தாண்டிவிட்டார்.

முதல் வீட்டில் ஒரு பெண் வந்தாள்.

"மடிப்பிச்சை தாயி."

"யாருக்காக நடக்குறீக சாமி?"

"ஊருக்குப் பொதுவா. புற்றுநோய் வந்தவுகளுக்காக."

ஒரு படி அரிசி விழுந்தது.

துண்டை முடிந்துகொண்டு திரும்பினார். குருசாமி கேட்டார்: "யாருக்குன்னு கேட்டாகளா?"

"கேட்டாக. பொதுவான்னு சொன்னேன்."

குருசாமி அரிசியைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு வெறும் துண்டைத் திரும்ப நீட்டினார்.

"இது சோத்துக்கு ஆச்சு. மறுபடி போங்க."

சோலையப்பனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "எடுத்துட்டுத்தானே வந்தேன்? இன்னும் என்ன?"

"ஊர்ல கிளம்புனதுல இருந்து பாக்குறேன். மலையைப் பாத்து நடக்குற நடையா இது? நாய் துரத்துறாப்புல போறீக. பொதுவா நடக்குறவுகளுக்கு இந்த வேகம் வராது."

மற்றவர்கள் சோலையப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நிற்க முடியாமல்தான் நடந்தார்.

அடுத்த வீட்டில் ஒருத்தி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். உமையாள் வயதுதான் இருக்கும்.

"யாருக்கு வேண்டுதல் சாமி?"

பொதுவா என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வரவில்லை.

"என் வீட்டுக்காரிக்கு," என்றார்.

வாய்விட்டு அவர் அதைச் சொன்னது அப்போதுதான்.

அவள் தழையைக் கீழே போட்டாள்.

"அய்யோ. இப்ப அவுக பக்கத்துல யாரு இருக்கா?"

கேட்டுக்கொண்டே அவள் அரிசி எடுக்க உள்ளே போனாள். வெளியே வந்து பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை.

வெறும் துண்டோடு மரத்தடிக்கு வந்தார். எல்லார் முன்னாலும் கொட்டித் தீர்த்தார். உமையாளை, நாளைக் காலையை, சொல்லாமல் கிளம்பியதை.

"டாக்டர் வாயைத் திறக்குறப்ப அவ மூஞ்சியைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல சாமி. அதான் ஓடி வந்துட்டேன்."

எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. "மதுரை, மதுரை" என்று கண்டக்டர் கூவினார்.

சோலையப்பன் பஸ்ஸைப் பார்த்தார். பழனி ரோட்டைப் பார்த்தார்.

"பாதியில விட்டா வாக்குக் குடுத்தவுக தரமாட்டாக. நோயாளிக பிளாட்பாரத்துலதான் கெடக்கணும். இது சாக்கு இல்ல சாமி, நெசம். நான் என்ன செய்யட்டும்?"

குருசாமி மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் பாதங்களில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

தன் முந்தானையை விரித்து சோலையப்பன் முன்னால் ஏந்தினார்.

கூட்டம் பதறி எழுந்தது. குருசாமி தன் கூட்டத்தாரிடம் கையேந்துவதை யாரும் பார்த்ததில்லை.

"மடிப்பிச்சை சாமி," என்றார்.

"என்கிட்ட என்ன இருக்கு?"

"இங்கேர்ந்து பழனி வரைக்கும் உள்ள தூரம். அதைப் போடுங்க."

"நீங்கதான் ஏற்கெனவே நடக்குறீகளே சாமி?"

"அது என் பங்கு. மலையேறிட்டு இதே மரத்துக்குத் திரும்பி வருவேன். உங்க பங்கை இங்கேர்ந்து மறுபடி நடப்பேன். அவுக வாக்குக் குடுத்த தூரத்துல ஒரு அடி குறையாது."

சோலையப்பன் அந்தக் கால்களைப் பார்த்தார்.

"இந்தக் காலோடயா?"

"போடுறவுக கேள்வி கேக்கக்கூடாது."

கண்டக்டர் விசில் ஊதினார்.

சோலையப்பன் தான் ஊன்றி நடந்துவந்த கைத்தடியை அந்த முந்தானையில் வைத்தார். எத்தனையோ பேருக்குக் கொடுத்த கைதான். அன்றைக்குக் குவிந்து கும்பிட்டது.

பஸ் நகர்ந்தது.

"நிறுத்துங்க! ஏய், நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.