தொப்பியைப் பிடித்த தூண்டில்

ஊட்டியில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடை ஒன்றில் பெல்லி வேலை பார்த்தாள். ஓடையில் ட்ரௌட் மீன் பிடிக்கிற லேசான தூண்டில் ஒன்று அங்கே விலைபோகாமலே கிடந்தது. இந்த வாரம் அதை விற்காவிட்டால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று எஸ்டேட்காரர் சிங்காரவடிவேலு வந்தார். நூறு கிலோ ஆள். தூண்டிலைக் கையில் வாங்கியதும் கடையே அதிரச் சிரித்தார்.

“ஈர்க்குச்சி மாதிரி இருக்கு! இதுவா மீனை இழுக்கும்? என்னை வாசல் வரைக்கும் இழுக்கட்டும், வாங்கிக்கிறேன்.”

கடைக்கு வந்திருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பெல்லிக்கு முகம் சிவந்துவிட்டது. தூண்டிலை வாங்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

“சரிங்க ஐயா” என்று ஒரு வீசு வீசினாள். ஈ போல இறகு கட்டிய முள் பறந்து போய் அவர் தொப்பியைக் கவ்வியது. தொப்பி வாசலை நோக்கிக் கிளம்பியது.

“ஏய், என் தொப்பி!” வழுக்கைத் தலையைக் கையால் மூடிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வாசற்படியில்தான் அதைப் பிடிக்க முடிந்தது.

“வந்துட்டீங்களே ஐயா! தூண்டில் வளையக்கூட இல்லீங்க” என்றாள் பெல்லி.

முறைத்துப் பார்த்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“கட்டிக் குடும்மா. இந்த வீச்சைக் கத்துக்க நாளைக்கு வர்றேன், தொப்பி இல்லாம.”